அடியாமல் படியுமா?

சென்ற பொங்கல் விழாவில் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி முடிந்ததும், பரிசு கிடைக்காத ஒரு சிறுவன் மேடைக்குக் கீழே புரண்டு அழுதான். அவனுடைய தாயார் முதுகில் இரண்டு வைத்து இழுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் அந்த அம்மையார் என்னிடம் வந்து, "அடிக்காம எப்படி சார் வளக்கிறது? அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். பாயசம் வருவதற்குள் முடிகிற விஷயமாக இல்லை. "எழுதிக் கொடுத்துவிடுங்கள், மலரில் போட்டுவிடலாம்" என்றார் நம் செயலாளர். ஆகவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனோதத்துவம் படித்தவன் அல்லன். சிவில் இன்ஜினீயரிங்கில் டிப்ளமா வாங்கி, தென்னக ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் ஹட் பேயில் இருப்பதால் நானும் என் மனைவியும் இங்கு வந்து சேர்ந்தோம். தண்டவாளமே இல்லாத தீவுக்கு ரயில்வேக்காரர் வந்திருக்கிறார் என்று கடைத்தெருவில் என்னைக் கேலி செய்வது வாசகர்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்வதுதான் இப்போது என் உத்தியோகம். அதற்காகச் சில புத்தகங்களைத் தேடிப் படித்தேன். முப்பது வருடத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டியவை.

லைன் கற்றுக் கொடுத்தது

1983-இல் எனக்கு 25 வயது. காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஒரு பகுதி என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் மாலை கேங்மேன் ஒருவர் தானாக வந்து, "சார், அந்த ஜாயிண்ட்ல நாலு போல்ட்டுல ரெண்டுதான் போட்டேன், இருட்டிப் போச்சு, காலைல போட்டுடறேன்" என்றார். நான் எல்லோர் முன்னாலும் அவரைக் கத்தித் தீர்த்து, மெமோவும் எழுதினேன். கண்டிப்பான அதிகாரி என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த கேங்கிலிருந்து ஒரு குறைபாடும் என் காதுக்கு வரவில்லை. லைன் சீராகிவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

பிறகு என் மேலதிகாரியான பெரியவர் ஒருவர் டிராலியில் பார்வையிட வந்தார். இரண்டு மைலுக்குள் மூன்று இடங்களில் நிறுத்தச் சொன்னார். மூன்று இடத்திலும் ஆட்டம் கண்ட ஸ்லீப்பர்கள், தளர்ந்த போல்ட்டுகள். மேஸ்திரி தலை குனிந்து நின்றார். பெரியவர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னார்: "தம்பி, புகார் வரலேன்னா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. உங்கிட்ட சொல்லப் பயப்படறாங்கன்னு அர்த்தம்."

ரயில்வேயில் இதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. மார்கழிப் பனியில் தண்டவாளம் சுருங்கும். எங்கோ நூலிழை விரிசல் இருந்தால் விடியற்காலை அங்கே ரயில் இரும்பு அறுந்துபோகும். அதை முதலில் பார்ப்பவர் ரோந்து போகும் கீமேன். கண்டுபிடித்துச் சொன்னவருக்கு ரொக்கப் பரிசும் பாராட்டும் தருவது வழக்கம். உன் பகுதியில் ஏன் அறுந்தது என்று அவரை அறைந்தால் அடுத்த கீமேன் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். வண்டியில் ஆயிரம் பேர் வருவார்கள்.

இதையெல்லாம் லைனில் கற்றுக்கொண்டேன், பிற்பாடு நல்ல அதிகாரி என்று பெயரும் வாங்கினேன். வீட்டுக்கு மட்டும் அதை எடுத்துப்போகவில்லை.

வீட்டில் நடந்தது

1998, அரையாண்டு விடுமுறை. என் மகனுக்கு 12 வயது. குவார்ட்டர்ஸ் பின்புறம் ஒரு புளியமரம். அதில் ஏறக் கூடாது என்பது என் உத்தரவு. ஏறினான், விழுந்தான். இடது மணிக்கட்டு போயிற்று. எங்களிடம் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இடது கையை மடியில் வைத்தபடி இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் அவன் அம்மா சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். கை வாழைப்பூ மாதிரி வீங்கியிருந்தது. "ஏன் அன்றைக்கே வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். பையன் என்னைப் பார்த்தான்.

எலும்பு கோணலாகக் கூடிற்று. இன்று அவனுக்கு நாற்பது நெருங்குகிறது, புனேயில் வேலை. இடது உள்ளங்கையை மேல் நோக்கி முழுவதும் திருப்ப முடியாது. கடைக்காரர் சில்லறை கொடுத்தால் வலது கையால்தான் வாங்குவான். நான் பெல்ட்டை எடுத்தது மொத்தமே மூன்று, நான்கு முறைதான் என்று நான் கணக்குச் சொல்வதுண்டு. அவன் கணக்கு வேறாக இருக்கலாம்.

"நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நானும் அடி வாங்கி வளர்ந்தவன். அதனால்தான் பெல்ட் தானாகக் கைக்கு வந்தது.

இத்தீவுகளின் பழைய குடிகள்

அடிக்காமல் வளர்ப்பது மேல்நாட்டு நாகரிகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாம் குடியிருக்கும் மண்ணிலேயே பழைய சான்று இருக்கிறது. ஏ. ஆர். ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானிடவியல் அறிஞர் 1906 முதல் 1908 வரை அந்தமான் பழங்குடியினரிடையே ஆராய்ச்சி செய்து, 1922-இல் 'அந்தமான் தீவினர்' என்ற நூலை வெளியிட்டார். நம் சிறிய அந்தமானுக்கும் அவர் வந்திருக்கிறார், ஆனால் அதிகம் பழகியது பெரிய அந்தமான் குழுவினரோடு. அவர்கள் குழந்தைகளை மிகுந்த அன்போடு நடத்துகிறார்கள், தண்டிப்பதே இல்லை, கடிந்து பேசுவதும் அபூர்வம் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். தாய் தந்தையை இழந்த குழந்தையை எடுத்து வளர்ப்பவர்கள், சொந்தக் குழந்தைக்கும் அதற்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை என்றும் எழுதுகிறார்.

அப்படியானால் பிள்ளைகள் தறிகெட்டுப் போயிருக்க வேண்டுமே? அதுதான் இல்லை. வயது வரும் பருவத்தில் ஒவ்வொரு பையனும் பெண்ணும் ஆமைக்கறி, பன்றிக்கறி, தேன் போன்ற முக்கியமான உணவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு விட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக, அதற்கென்று ஒரு சடங்கு நடத்தி, ஊர் கூடித் திரும்ப உண்ண வைப்பார்கள். கடலும் காடும் தரும் சாப்பாட்டை நம்பி வாழும் சமூகத்தில் பிடித்தமான உணவை மாதக்கணக்கில் விலக்குவது லேசான காரியமா? பிரம்பு இல்லாமல் மனக்கட்டுப்பாட்டை அவர்கள் கற்பித்தார்கள். தண்டனை இல்லை, கட்டுப்பாடு உண்டு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அடிக்காதே என்றால் விட்டுவிடு என்று பொருள் செய்துகொள்கிறோம்.

டுகாங் கிரீக்கில் வாழும் ஓங்கே மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியார் அங்கே போகக் கூடாது. நானும் போனதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 காலை நடந்தது இத்தீவில் எல்லோருக்கும் தெரியும். ஹட் பே கடைத்தெருவும் கரையோர வீடுகளும் போன அந்தச் சுனாமியில், ஓங்கே மக்கள் நிலம் அதிர்ந்ததும் மேட்டுக்கு ஏறி உயிர் தப்பினார்கள். அதிர்வுக்குப் பின் கடல் வரும் என்பது அவர்கள் வழிவழியாகக் கேட்டுவந்த செய்தி. பெரியவர்கள் சொன்ன கதையைப் பிள்ளைகள் நம்பிக் கேட்டு வைத்திருந்தார்கள் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். ஆபத்து வேளையில் பிள்ளை நம் பேச்சைக் கேட்பதற்கு இந்த நம்பிக்கை வேண்டும். அது ஒரே நாளில் வருவதில்லை.

அறிஞர்கள் சொல்வது

வியன்னாவில் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் பயின்று பிறகு சிகாகோவில் குடியேறிய மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ். 1964-இல் இவர் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்படுவது. தவறாக நடக்கும் குழந்தை ஊக்கம் இழந்த குழந்தை என்பது அவர் கருத்து. தனக்கும் இந்த வீட்டில் ஓர் இடம் உண்டு என்று தெரிந்துகொள்ளக் குழந்தை துடிக்கிறது. நேர் வழியில் அது கிடைக்காதபோது நான்கு குறுக்கு வழிகளில் போகிறது. கவனத்தை இழுப்பது, அதிகாரத்துக்கு மல்லுக்கட்டுவது, பழி வாங்குவது, தன்னால் ஒன்றும் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்வது.

இதில் எந்த வழியில் குழந்தை போகிறது என்று கண்டுபிடிக்க அவர் சொல்லும் உபாயம் என்னை அசர வைத்தது. குழந்தையைப் பார்க்காதே, உன் மனத்தைப் பார் என்கிறார். எரிச்சல் வந்தால் அது கவனத்துக்காகச் செய்கிறது. 'நீயா நானா பார்த்துவிடுகிறேன்' என்று கோபம் பொங்கினால் அதிகாரப் போட்டி. நெஞ்சு வலிக்கிற மாதிரி இருந்தால் பழிவாங்கல். 'இவனை என்ன செய்வதென்றே தெரியவில்லை' என்று நம் கை ஓய்ந்துபோனால், குழந்தை ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் 'அம்மா, அம்மா' என்று இருபது தடவை கூப்பிடுகிற பிள்ளைக்கும், 'போக மாட்டேன், என்ன பண்ணுவே?' என்று நிற்கிற பிள்ளைக்கும் மருந்து வேறு. முதல் பிள்ளைக்கு உருப்படியான வேலை ஒன்றைக் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிள்ளையோடு மல்லுக்கட்டுவதை விட்டு, 'இப்போதா, பத்து நிமிஷம் கழித்தா?' என்று முடிவில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே அடியைக் கொடுத்தால் முதல் பிள்ளை தான் கேட்ட கவனம் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளும், இரண்டாவது பிள்ளை அடுத்த போருக்குத் தயாராகும்.

அமெரிக்காவில் டயானா பாம்ரிண்ட் என்ற அம்மையார் 1960-களில் பெற்றோரை வகைப்படுத்தினார். கட்டளையிட்டுக் காரணம் சொல்லாதவர்கள், எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்கள், அன்போடும் உறுதியோடும் நடத்துகிறவர்கள். இதைப் படித்தபோது எனக்குத் தண்டவாள இடைவெளிதான் ஞாபகம் வந்தது. இணைப்பில் இடைவெளியே விடாமல் இறுக்கினால் சித்திரை வெயிலில் லைன் பாம்பாக நெளியும். அதிகமாக விட்டால் ஒவ்வொரு சக்கரமும் முனையை அடித்து நசுக்கும். மூன்றாவது வகைப் பெற்றோரின் பிள்ளைகளே பொறுப்போடும் தன்னம்பிக்கையோடும் இருந்ததாக அவர் கண்டார்.

2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப் என்பவரும் இன்னொருவரும், ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 1,60,000 குழந்தைகள். அடி அதிகம் வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் எதிர்ப்பும் மனச்சோர்வும் அதிகம், ஒழுங்கு அதிகமில்லை. முரண்டு பிடிக்கிற பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும், எது காரணம் எது விளைவு என்று ஒருவர் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் உண்டு. அவற்றிலும் அடியினால் நடத்தை திருந்தியதாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேகா, குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் அடியில்லாத சிறுவர் பள்ளி தொடங்கினார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை இருந்ததையும் மறக்க வேண்டாம். பழையது எல்லாம் பொன் அல்ல.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தி, பள்ளிகளில் உடல் தண்டனையை விலக்கினார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அது நம் தீவுகளுக்கும் பொருந்தும். வீட்டில் அடிப்பதையும் முதன்முதலில் விலக்கிய நாடு ஸ்வீடன், 1979-இல். அடித்த பெற்றோருக்கு அந்தச் சட்டம் தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. பால் அட்டைப்பெட்டிகளில் செய்தியை அச்சிட்டு வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

செய்முறை

இனி, அந்த அம்மையார் கேட்ட 'எப்படி?' என்பதற்கு வருவோம். என் வீட்டில் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முன்கூட்டிச் சொல்வது முதல் வேலை. பிராட்கேஜ் பாதையில் ஓரிடம் ஆபத்தானால் அந்த இடத்தில் மட்டும் சிவப்புக் கொடி பிடித்தால் போதாது. 600 மீட்டரில் ஒரு வெடி, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகள் வைப்போம். ஓடுகிற வண்டி நிற்கத் தூரம் வேண்டுமல்லவா? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சிறிய அந்தமானும் இணைந்த பிறகு, நம் பிள்ளைகள் கையிலும் செல்போன் நிலைத்துவிட்டது. விளையாட்டின் நடுவில் வெடுக்கென்று பிடுங்கினால் எந்தப் பிள்ளையும் கத்தும். "பத்து நிமிஷம் இருக்கு" என்று ஒரு முறை, "இந்த ஆட்டத்தோட சரி" என்று ஒரு முறை சொல்கிறோம். நேரம் வந்ததும் வாங்கிவிடுகிறோம். இன்றைக்குப் போனால் போகட்டும் என்று விடுவதில்லை. ஒரு நாள் விட்டாலும் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்தது, தவற்றுக்கும் அதன் விளைவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும். டிரைக்கர்ஸ் வழியில் வந்த ஜேன் நெல்சன் என்ற அம்மையார் மூன்று சோதனைகள் சொல்கிறார். சம்பந்தம் உண்டா, மரியாதை உண்டா, நியாயமான அளவா? சென்ற வருடம் பேரன் கடைக் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்துவிட்டான், கிரிக்கெட் பந்து வாங்க. மாப்பிள்ளை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கையை ஓங்கினார். நான் அவரை உள்ளே அழைத்து, "மாப்பிள்ளை, நீங்க அவனோட அப்பா, முடிவு உங்களோடது. ராத்திரி சாப்பிட்ட பிறகு பேசலாமே" என்று மட்டும் சொன்னேன். இரவு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள், நானும் பாட்டியும் திண்ணையில் இருந்தோம். பள்ளி விட்டு வந்ததும் காலி பாட்டில்களை அடுக்கித் தருவது, நாளுக்குப் பத்து ரூபாய், பத்து நாளில் கடன் தீரும் என்று முடிவாயிற்று. பந்து அவனுக்கே. கடனை அடைத்தவனுக்குப் பொருள் சொந்தம்தானே? பத்தாம் நாள் அவன் கல்லாவில் கடைசிப் பத்து ரூபாயைப் போட்டபோது நிமிர்ந்து நின்றான். அடி வாங்கியிருந்தால் கல்லாப் பூட்டைத் திறக்கும் வேறு வழியைத்தான் யோசித்திருப்பான்.

அழுகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லக் கூடாது. காதில் ஏறாது. விழாவில் புரண்ட அந்தச் சிறுவன் ஒரு மாதமாகப் பாரதியார் வேஷத்துக்குத் தயாரானவன். எல்லோர் முன்னாலும் தோற்றுவிட்டான். அவனை ஓரமாகக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்து, தலைப்பாகையை அவிழ்த்து, அழுகை ஓயும்வரை பக்கத்தில் இருந்தால் போதும். வீட்டுக்குப் போய், "தோத்தா எனக்கும் அழுகைதான் வரும், ஆனா தரையில புரள வேண்டாம், என்கிட்ட வந்து சொல்லு" என்று சொல்லலாம். அம்மையார் கோபிக்கக் கூடாது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான் உங்கள் கையை ஓங்க வைத்தது. எனக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்று. நம் கோபத்துக்குக் காரணம் பல சமயம் பிள்ளையே அல்ல. எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. மூன்று மாதம் எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பேரன் மீது கை ஓங்கிய நாட்கள் பெரும்பாலும் கப்பல் தாமதமான நாட்கள். கப்பல் வராவிட்டால் கடைக்குக் காய்கறி இல்லை, சரக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு வியாபாரம் இல்லை. அந்த நாளில் பையன் தம்ளரைக் கீழே போட்டால் குற்றம். கப்பல் வந்த நாளில் அதே தம்ளர் விழுந்தால், "பாத்துடா ராஜா." இதை மாப்பிள்ளையிடம் காட்ட எனக்கு ஒரு வாரம் தயக்கம். காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். இப்போது கப்பல் வராத நாளில் அவரே, "மாமா, இன்னைக்கு நீங்க பாத்துக்குங்க" என்று பையனை என்னிடம் விட்டுவிட்டுக் கரையோரம் நடக்கப் போகிறார்.

ஓடை

விளைவைத் தானே அனுபவித்துக் கற்கட்டும் என்று விடுவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குடை எடுக்காமல் போனவன் நனையலாம். ஓடைக்குப் போகிறவனை அப்படி விட முடியுமா? நம் தீவின் ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் போவார்கள், மீன் அங்கேதான் இருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. நான் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். பேரன் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றான். கால் முழுக்கச் சேறு, ஒரு காலில்தான் செருப்பு.

"தாத்தா, ஒண்ணு சொல்லணும். அப்பா அடிக்க மாட்டாருல்ல?"

"சொல்லு. நான் கூட இருக்கேன்."

அவனும் இன்னும் இரண்டு பையன்களும் தூண்டிலோடு ஓடைக்குப் போயிருக்கிறார்கள். எதிர்க்கரையில் கட்டை மாதிரி ஒன்று கிடந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. மூவரும் ஓடி வந்துவிட்டார்கள். இவன் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதைவிட முக்கியம், ஒரு பையனுடைய அப்பாவின் தூண்டில் அங்கேயே விழுந்துவிட்டது. தெரிந்தால் தோலை உரிப்பார் என்று, விடியற்காலை யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் எடுத்துவரப் போவதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான்.

"அதான் சொல்லணும்னு தோணுச்சு தாத்தா" என்றான்.

மாப்பிள்ளை வந்ததும் அவனே சொன்னான், நான் பக்கத்தில் நின்றேன். பாதியிலேயே அவர் கை உயர்ந்தது. பிறகு அந்தக் கையை நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. "எந்த எடம்? சரியாச் சொல்லு" என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அந்த இரண்டு வீடுகளுக்கும் போனோம். விடியற்காலைப் பயணம் நின்றது. காலையில் வனத்துறைக்குச் சொல்லி அந்த இடத்தைக் காட்டினோம்.

பேரனுக்கு அந்த மாதம் முழுவதும் தனியாக வெளியே போகத் தடை. அழுதான், அது மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு ஜெட்டிக்குப் போய்த் தூண்டில் போடலாம் என்பது ஏற்பாடு. மீன் பிடிக்கும் ஆசை தவறில்லை, இடம்தான் தவறு என்று மாப்பிள்ளையே சொன்னார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்ற இரண்டு வீடுகளில் ஒன்றில், நாங்கள் படியிறங்குவதற்குள்ளேயே அடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் போய், "வேண்டாங்க, அவன் பயந்துபோயிருக்கான்" என்று சொன்னேன். "உங்களுக்குத் தெரியாது சார்" என்று அந்தத் தந்தை கண்கலங்கிச் சொன்னார். அவருக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பையன் அடுத்த முறை யாரிடமாவது சொல்வானா என்பதுதான் இன்றுவரை என் கவலை.

அந்த வாரம் புனேயிலிருந்து மகன் போன் செய்தான். மாதம் ஒரு முறை செய்வான். மழை, உடம்பு, கப்பல் டிக்கெட் என்று ஐந்து நிமிடம் பேசுவோம். இந்த முறை ஓடைக் கதையை முழுவதும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"மாப்பிள்ளை அவனை அடிச்சாரா?" என்றான்.

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "இங்க குளிர் ஆரம்பிச்சாச்சுப்பா. இடது கை கொஞ்சம் வலிக்குது" என்றான்.

1998-க்குப் பிறகு அந்தக் கையைப் பற்றி அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டேன். சொன்னான்.